உன் துவக்குக்கு நான் அளவாக்கிய கோதுகள்

மகளுக்குக் குழந்தை பிறந்து இன்னும் துடக்குக் கழியவில்லை. நேற்று வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி, பால் குடுக்கிற இடத்தில் வெடித்திருக்கிறது, இதைப் பூசுங்கள் என்று ஒரு சின்னக் குழாயைத் தந்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்து விரலில் கொஞ்சம் எடுத்தேன். மஞ்சள் நிறம், ஒட்டுகிற பதம், மழையில் நனைந்த கம்பளியின் மணம். ஆட்டு உரோமத்தில் இருந்து எடுக்கிற அந்த லனோலின் மெழுகேதான். நான் விரலை மூக்கருகே பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னம்மா, மணம் பிடிக்கேல்லையோ?" என்று மகள் கேட்டாள்.

"பிடிக்கும் பிள்ளை," என்றேன். குழந்தை அழுதது, வேலை வந்தது. இன்று கடையைச் சாத்திவிட்டு வந்ததும் வராததுமாக உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று யோசிக்கவில்லை. எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தது.

நீ முதன்முதலாக என் கடைக்கு வந்தது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாதம். நோர்பரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நான் தையல் கடை திறந்து அப்போது அதிக நாளில்லை. ஜெர்மனியில் இருந்து வந்து, இங்கே எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கிய காலம். கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கனத்த கன்வஸ் ஜாக்கெட்டை மேசையில் போட்டாய். வலது தோளிலும் முழங்கையிலும் தடித்த தோல் மெத்தை வைத்துத் தைத்திருந்தது.

"அக்கா, இந்தத் தோலையெல்லாம் பிரிச்சு இடது பக்கம் மாத்தித் தர முடியுமா லா?"

நீ மலேசியாக்காரி என்று அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிட்டது. ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு உடுப்பை நான் தைத்ததும் இல்லை, கண்டதும் இல்லை.

"உது என்னத்துக்குப் போடுறது?"

"சுடுறதுக்கு. நான் ரைஃபிள் கிளப்புல இருக்கேன். வலது மார்பை எடுத்துட்டாங்க. இனிமே அந்தத் தோள்ல துப்பாக்கிய வைக்க முடியாது. அதான் இடது தோளுக்கு மாறப்போறேன்."

பல்லுப் பிடுங்கினதைச் சொல்வதுபோலச் சொன்னாய். நான் உன் நெஞ்சைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும். ஆனால் 'துப்பாக்கி' என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக ஜாக்கெட்டை விட்டுவிட்டது. நீ அதைக் கவனித்தாய். என் முகத்தையும், சுவரில் மாட்டியிருந்த நல்லூர்க் கோயில் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"சாரி அக்கா. உங்க ஊர்ல நிலமை எப்படின்னு யோசிக்கல. வேற யார்கிட்டயாவது குடுக்கிறேன்."

ஜாக்கெட்டை நீ மடிக்கத் தொடங்கியபோதுதான் உன் வலது கையைப் பார்த்தேன். முழங்கையில் இருந்து விரல் வரை வீங்கி, மேஸ்போல இறுக்கமான நீள உறை ஒன்று போட்டிருந்தாய். அந்தக் கன்வஸை மடிக்க உனக்கு ஏலவில்லை.

"வைச்சிட்டுப் போ," என்றேன். "தையல்தானே."

ஜாக்கெட் முடிந்த நாளில், கடைக்குள்ளேயே போட்டுப் பார்த்தாய். தரையில் குப்புறப் படுத்து, ஒரு குடையை இடது தோளில் வைத்துக் குறி பார்த்தாய். என் வாடிக்கையாளர் ஒரு கிழவி கால்சட்டையைக் கையில் வைத்தபடி வாய் பிளந்து நின்றாள். எழும்பும்போது சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் மசிந்தேன் என்று நினைக்கிறேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். கதைத்தோம். மலேசியாவில் இப்போ என்கிற ஊரில் பிறந்து, இங்கே படிக்க வந்து, பல்கலைக்கழகத்துக் கிளப்பில் விளையாட்டாகச் சேர்ந்தவள் நீ. பிறகு ஒரு பெரிய கம்பனியில் கணக்காய்வாளர் வேலை, தோர்ன்டன் ஹீத் பக்கம் ஒரு சின்ன வீடு, தனி வாழ்க்கை. அம்மாவுக்கு நோயைச் சொல்லவில்லை என்றும் சொன்னாய்.

கிளப்பில் எல்லோரும் உன்னிடம் அன்பாகத்தான் சொன்னார்களாம், இந்த வருடம் சுடாமல் புள்ளி எழுதுகிற வேலையைப் பார் என்று. அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறுகியது.

"புள்ளி எழுதலாம் அக்கா. ஆனா செப்டம்பர்ல ஒரு போட்டி இருக்கு. அதுல இடது தோள்ல வெச்சு, கடைசித் தோட்டா வரைக்கும் சுட்டு முடிச்சிட்டுத்தான் பேனாவைப் பிடிப்பேன்."

தோளை மாற்றலாம், கண்ணை மாற்றலாம். நீ துப்பாக்கி என்கிற துவக்கின் முன்பக்கத்தை இரண்டு கால் வைத்த தாங்கியில் நிறுத்தினால் பாரமும் பிரச்சினையில்லை. மிச்சம் இருந்தது ஒரேயொரு சங்கடம். அதை நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் உன் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய்த்தான் விளங்கப்படுத்தினாய்.

பின்பக்கத்துக் கண்ணாடி அறையில் கனத்த மேசை. மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அழுத்தி ஒன்று, நீண்ட கைபிடியுடன். 'பிரஸ்' என்றாய். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறையப் பித்தளைக் கூடுகள். எங்கள் ஊரில் கோது என்போம். நீ 'கேஸ்' என்றாய். சுட்டு முடிந்த பிறகு மிஞ்சுகிற வெறும் கூடு.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஊரில் நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, எங்கள் வளவெல்லாம் இவைதான் கிடந்தன. கூட்டக் கூட்ட வந்தன. என் தங்கச்சி அவற்றை ஊதி விசிலடித்தாள். அம்மா அவளுக்கு அடித்தா.

"வெறும் கோதுதான் அக்கா. வெடிமருந்தும் இல்ல, முன்னால குண்டும் இல்ல. இதைத் தொட யாருக்கும் லைசன்ஸ் வேணாம். நிரப்பினாத்தான் சட்டம் வரும். அது என் வேலை. அந்த நேரத்துல நீங்க இங்க இருக்கவே கூடாது."

பிறகு ஒன்றை எடுத்துக் காட்டினாய். சுடும்போது உள்ளே எழும்புகிற அமுக்கத்தில் கோது பருத்து, துவக்குக்குள் தோட்டா இருக்கிற அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்த பிறகும் முழுக்கச் சுருங்காது. இவ்வளவு காலமும் நீ அதன் கழுத்தை மட்டும் நெருக்கித் திரும்பப் பாவித்தாய். உடம்பு இறுக்கமாகவே இருக்கும், அந்த அறையை மூடுகிற போல்ட்டைப் பலமாக அடித்து மூட வேண்டும். கை நன்றாக இருந்தபோது அது ஒரு பொருட்டேயில்லை. இனி இரண்டு விரலாலேயே மூடக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குக் கோதை முழுதாக அச்சுக்குள் செலுத்தி, உடம்பையும் தோளையும் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இழுவைக்குத்தான் பலமான வலது கை வேண்டும்.

"இடது கையால இழுத்துப் பாத்தேன். சமமா இறங்க மாட்டேங்குது. உடம்பையே போட்டு இழுத்தா தையல் போட்ட இடம் விண்விண்ணுங்குது."

நான் கைபிடியைப் பிடித்துப் பார்த்தேன். தொழிற்சாலைத் தையல் இயந்திரங்களைத் தூக்கி இறக்கின கை என்னுடையது.

"ஒரு நிபந்தனை," என்றேன். "துவக்கை என்ர கண்ணில காட்டக் கூடாது."

"காட்ட மாட்டேன் லா."

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிறுகளில் கோயில் முடித்து நேரே உன் வீடு. அந்த ஆட்டு உரோம மெழுகை இரண்டு விரலில் எடுத்து, கோதின் உடம்பு முழுக்க மெல்லிசாகத் தடவுவேன். கூடினால் கோதின் தோளில் குழி விழும், குறைந்தால் அச்சுக்குள் சிக்கும். கைபிடியை இழுக்கக் கோது மேலே ஏறி அச்சுக்குள் போகும். உள்ளே இருக்கிற ஊசி, கோதின் அடியில் எரிந்துபோன பொறி வில்லையை, நீ பிரைமர் என்பதை, தட்டிக் கீழே விழுத்தும். திரும்ப விடும்போது, கழுத்தின் உட்புறத்தை ஒரு சின்ன இரும்பு உருண்டை சரிசெய்துகொண்டு வரும். அப்போது மெல்லிய ஒரு கீச்சுச் சத்தம்.

முதல் நாள் அச்சை எவ்வளவு இறக்குவது என்று கண்டுபிடிக்கவே பின்னேரமாகிவிட்டது. நான் ஒரு கோதை இழுத்துத் துடைத்துத் தருவேன். நீ அதைக் கொண்டுபோய் அடுத்த அறைக் கதவைச் சாத்திக்கொள்வாய். கதவுக்குப் பின்னால் துவக்கின் போல்ட் அசைகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு உன் குரல்.

"இன்னும் இறுக்கம்!"

அச்சை ஒரு மயிரளவு இறக்குவேன்.

"இன்னும் கொஞ்சம்!"

"ஒரேயடியா இறக்கிவிடட்டோ?" என்று நான் கத்தினேன்.

"ஐயோ வேணாம்! ரொம்ப அமுக்கினா உள்ள லூசாயிடும். சுடும்போது இழுபட்டு அடியில பிஞ்சிடும். என் மூஞ்சிக்கு நேரா பிஞ்சிடும் அக்கா!"

மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று நாங்கள் கத்திய கத்தலில், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒரு கோதுக்குக் கதவு திறந்தது. உன் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் உயர்த்திக் காட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஓடி வந்தாய். "இது போதும் அக்கா! இது போதும்!"

ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் சட்டையைப் பிடித்துத் தைக்கிற வேலைதான் என்னுடையது. உன் துவக்குக்கும் அப்படித்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் என் தங்கச்சி வன்னியில் இருந்தாள். அவளும் புருஷனும் போன் தொடர்பே இல்லாத இடத்துக்குள் போய் மாதக்கணக்காகிவிட்டது. தொலைக்காட்சியில் தறப்பாள் கூடாரங்களையும் புகையையும் காட்டினார்கள். வேலை முடிந்த எங்கள் சனம், போரை நிறுத்தச் சொல்லி, நேரே இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்போடேயே வந்து நின்றார்கள்.

என் மனுசன் பொய்லர் பூட்டுகிற வேலை செய்பவர், அதிகம் கதைக்காதவர். பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிறு நான் வெளிக்கிட்டபோது வாசலில் நின்றார்.

"இஞ்சேரும், நீர் எங்க போறீர் எண்டு எனக்குத் தெரியும். அங்க சனம் செத்துக்கொண்டிருக்குது. நீர் போய்க் கோதுக்கு மெழுகு பூசுறீர். உமக்கு மனம் எப்பிடி வருது?"

தோளில் மாட்டிய பையைக் கழற்றி ஆணியில் கொழுவினேன். அன்று நான் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. போனில் உனக்கு, "இப்ப ஏலாதடி," என்று மட்டும் சொன்னேன். நீ ஏனென்று கேட்கவில்லை. "சரி அக்கா" என்றாய்.

அந்தச் சித்திரைக் குளிரில் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாக நின்றபோது, ஆரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் நீ. அதே கம்பளித் தொப்பி. முகம் வெளிறிப்போய் இருந்தது, மருந்து ஏற்றிய கிழமையாம்.

"உனக்கென்ன விசரோ? வீட்ட போ. இந்தக் குளிருக்குள்ள நிக்க உனக்கு ஏலாது."

"நிக்கிறேன் அக்கா. நிக்கிறதுக்குக் கை தேவையில்லையே."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா உன்னிடம், "தங்கச்சி, உங்கட ஆக்களும் அங்கயோ?" என்று கேட்டா. நீ என்னைக் காட்டி, "இவங்க தங்கச்சி அங்க இருக்காங்க," என்றாய். அவ்வளவுதான். பின்னேரம் வரை நின்றாய். போகும்போது கோதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுதான் நெஞ்சில் கிடந்தது.

சில நாளில், நீ தைக்கத் தந்த ஒரு கால்சட்டையைக் கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தாய். வலது கை வழக்கத்தைவிடப் பருத்து, தலையணைமேல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணாடி அறையில் பிரஸ்ஸின் கைபிடி பாதியில் நின்றது. அச்சுக்குள் ஒரு கோது இறுகிப்போய், அதன் அடி விளிம்பு கிழிந்து தொங்கியது.

"தனிய இழுத்தனியோ?"

"மெழுகு சரியா பூசல போல. இழுத்துட்டேன், திரும்பி வரல. ஏறி நின்னு இழுத்தேன். விளிம்புதான் பிஞ்சுது."

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"உங்க வீட்டு நிலமையில எப்படி லா கூப்பிடுவேன்? அக்கா, இது உங்களுக்கு வேணாம்னா நான் கேக்கவே மாட்டேன். ஆனா நான் நிறுத்த மாட்டேன். இப்ப நிறுத்தினா அந்த நோய் என்கிட்ட இருந்து அதையும் எடுத்துக்கும்."

உன் கண் கலங்கியிருந்தது. அது ஒரு தரந்தான். அதற்குப் பிறகு கடைசி வரை நான் அப்படிக் காணவில்லை.

அச்சைக் கழற்றித் துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குசினி மேசையில் வைத்துவிட்டுச் சமைக்கத் தொடங்கினேன். மனுசன் வேலையால் வந்து, கை கழுவிவிட்டு, அதைத் தூக்கிப் பார்த்தார். எதுவும் இறுகிப்போய்க் கிடந்தால் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவருடைய தொழில் அப்படி.

"ஆர் இதை இப்பிடி இழுத்தது?"

"அந்தப் பிள்ளை. வீங்கின கையோட."

வாசலில் நிறுத்தியிருந்த தன் வேலை வானில் இருந்து ட்ரில்லை எடுத்து வந்தார். மேலால் ஊசியைக் கழற்றினார். கோதின் அடியில் துளையைப் பெருப்பித்து, புரி வெட்டி, ஒரு போல்ட்டை ஏற்றி, வளையத்தை முட்டுக் கொடுத்து மெல்ல மெல்லத் திருகினார். கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு கோது வெளியே வந்தது. துணியால் துடைத்து உள்ளங்கையில் வைத்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெழுகு காணாது, இன்னும் பூச வேணும்," என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "அந்தப் பிள்ளை பாராளுமன்றத்தடியில வந்து நிண்டதாம், என்ன?"

"ஓம்."

"இனித் தனிய இழுக்க வேண்டாமெண்டு சொல்லும். ஞாயிற்றுக்கிழமை நான் உம்மைக் கொண்டுபோய் விடுறன்."

வைகாசி வந்தது. அந்த மாதத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். எங்களுக்கு எதுவும் முடியவில்லை. ஆரிடம் கேட்டாலும் பதில் இல்லை. அந்த நாட்களில் நான் ஞாயிறு மட்டுமில்லை, கடை பூட்டிய பின்னேரங்களிலும் உன் வீட்டுக்கு வந்தேன். இழுத்த கோதுகளின் மெழுகைத் துடைப்பேன். வளைத்த கம்பியை உள்ளே விட்டு, அடிப்பக்கம் எங்கேயாவது மெலிந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். கம்பி இடறினால் அதை எறிந்துவிடுவேன். நீ எதிரே இருந்து கழுத்து விளிம்புகளைச் சுரண்டி மழமழப்பாக்குவாய். தேத்தண்ணியை என் கையருகே நகர்த்தி வைப்பாய்.

போன் வந்தது ஆனியில், பிரஸ்ஸடியில் நான் நின்றபோது. தெரியாத இலக்கம். என் விரலெல்லாம் மெழுகு. வழுக்கி வழுக்கி எனக்குப் பட்டனை அமத்த ஏலவில்லை. நீ பாய்ந்து எடுத்து, அமத்தி, என் காதோடு பிடித்தாய்.

"அக்கா, நான்தான்."

"எடியே! எங்க நிக்கிறாய்?"

"கம்பிக்குள்ள. அகதிக் காம்பில. ஆரோ ஒருத்தற்ற போன். நான் உயிரோட இருக்கிறன் அக்கா."

"அவர்?"

"அவர் இல்லை."

இரைச்சல் வந்தது. "பிறகு எடுக்கிறன்" என்றாள். அறுந்தது. நீ போனை என் காதிலிருந்து எடுக்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றாய். நான் அழுவேன் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அடுத்த கோதைத் தா."

நீ தந்தாய். நான் மெழுகு பூசினேன். இழுத்தேன். அன்று பெட்டி வெறுமையாகும் வரை இழுத்தோம். பிறகுதான் அழுதேன். உன் மேசையில் தலையை வைத்து, நீ முதுகைத் தடவ, சத்தம் போட்டு அழுதேன்.

செப்டம்பரில் போட்டிக்கு மனுசன்தான் தன் வானில் எங்களைக் கொண்டுபோனார். பொய்லர்ச் சாமான்களுக்கு நடுவே உன் துவக்குப் பெட்டி பூட்டியபடி கிடந்தது. சரே என்கிற மாவட்டத்து வெளி அது. பைன் மரங்களும் ஹெதர்ப் பூவும், தூரத்தில் வெள்ளைப் புள்ளியாக இலக்குகளும், காற்றுக் கொடிகளும். எல்லோரும் உன்னிடம் கை குலுக்கினார்கள். அந்த ஜாக்கெட்டில் நீ சற்றுப் பெருத்துத் தெரிந்தாய்.

காதடைப்பானை என் கழுத்தில் மாட்டிவிட்டு நீ சொன்னாய். "முதல் சத்தத்துக்கு எழும்பிப் போகணும்னா போங்க. திரும்பி வந்தா போதும்."

பெட்டியைத் திறந்தாய். அன்றுதான் உன் துவக்கை முதலில் கண்டேன். பழைய மரப்பிடி. நான் கண்ணை எடுக்கவில்லை.

முதல் வெடிக்கு என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. எழும்பி நடந்தேன். பைன் மரங்களடி வரை போய், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பின்னால் மனுசன் வந்தார். அவருடைய முகமும் வெளிறித்தான் இருந்தது. "போவமோ?" என்று கேட்டார். வானை நிறுத்தியிருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தேன். "இல்லையப்பா. திரும்பி வந்தாப் போதுமெண்டு அவள் சொன்னவள்." இரண்டு பேரும் திரும்பி நடந்து வந்து உன் பின்னால் புல்லில் இருந்தோம். ஒவ்வொரு வெடிக்கும் அவர் என் கையை இறுக்கினார். நான் அவருடையதை இறுக்கினேன்.

கோது உள்ளே போவதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். உன் வலது கையின் இரண்டு விரல் போல்ட்டைத் தொட்டது. அது இறங்கி மூடியது, குடத்தில் தண்ணீர் விடுகிற மாதிரி, எதிர்ப்பே இல்லாமல். சுட்டபின் அதே இரண்டு விரல் தூக்கியது. ஒரு தரம்கூட அது சண்டித்தனம் பண்ணவில்லை.

நடுவில் காற்றுத் திரும்பியது. கொடிகள் ஒரு பக்கமாகக் கிடந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தன. உன்னுடைய ஒன்று இலக்கைவிட்டே போனது. அடுத்ததும் போனது. நீ தலையைப் புல்லில் சாய்த்துக் கண்ணை மூடினாய். தோள் மேலும் கீழும் போய் வந்தது. கிளப்புத் தலைவர், நரைத்த மீசைக்காரர், குனிந்து உன்னிடம் மெதுவாக ஏதோ சொன்னார். இத்தோடு விடலாம், ஒருவரும் குறையாக நினைக்க மாட்டார்கள் என்றாராம். நீ தலையைத் தூக்காமலே கேட்டாய், "எனக்கு இன்னும் நேரம் இருக்கா?" இருக்கிறது என்றார். "அப்ப அந்த நேரம் எனக்கு வேணும்."

பிறகு நீ அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் சுட்டவர்கள் முடித்து எழும்பினார்கள். நீ கொடியைப் பார்த்துக் கிடந்தாய். அது தணியும்போது ஒன்று. திரும்பக் காத்திருப்பு. திரும்ப ஒன்று. கடைசித் தோட்டாவுக்கு இடது விரல் விசையில் வைத்து, மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, திரும்பக் கையை எடுத்துவிட்டாய். என் மனுசன், "சுடு பிள்ளை, சுடு," என்று முணுமுணுத்தார். அந்த மனிதரின் வாயில் அந்தச் சொல் வந்தது வாழ்க்கையில் அது ஒரு தரந்தான். நீ சுட்டாய். இலக்கு இறங்கி, ஏறி வந்தபோது குண்டு பட்ட இடத்தைக் காட்டுகிற அடையாளத் தட்டு கறுப்பு வட்டத்தின் நடுவில் இருந்தது.

முடிவில் நீ நடுவில் எங்கேயோ வந்தாய். பரிசு ஒன்றுமில்லை. கிளப்புக்காரர்கள் கை தட்டினார்கள். உனக்கு எழும்ப ஏலவில்லை, நானும் மனுசனும் இரண்டு பக்கமும் பிடித்து நிமிர்த்தினோம். "முடிச்சிட்டேன் இல்ல?" என்று கேட்டாய். "முடிச்சிட்டாய்," என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வானுக்குள் நீ வாய் பிளந்து நித்திரை.

அன்று பின்னேரம் நீயே இப்போவுக்குப் போன் எடுத்து, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாய். போட்டியை முதலில் சொன்னாய், நோயை அதற்குப் பிறகு.

அடுத்த வருடமும் நீ சுட்டாய். அதற்கு அடுத்த குளிரில் நோய் ஈரலுக்கு வந்தது. கடைசிக் காலத்தில் வைத்துப் பார்க்கிற ஹொஸ்பிஸில், உன் கட்டிலின் உன் அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருந்தோம். துவக்கைச் சட்டப்படி ஒரு வியாபாரியிடம் ஒப்படைக்க நீயே ஏற்பாடு செய்துவிட்டாய். ஒரு பின்னேரம் உன் அம்மா கன்டீனுக்குப் போன நேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டாய்.

"அக்கா, கிளப்புல என் இடம் காலியாயிடும். நீங்க சேருங்க."

"உனக்கென்ன பைத்தியமோ? எனக்கு ஏலாது."

நீ சிரித்தாய். சிரிக்கவே மூச்சு வாங்கியது. "ஏலாதுன்னு சொல்லிட்டுத்தான் நீங்க எல்லாத்தையும் செஞ்சீங்க."

நீ போய் ஆறு மாதம் நான் அந்தப் பக்கம் நினைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல், கிளப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். பழகுகிற காலம், விசாரணை எல்லாம் நடந்தது. வீட்டுக்கு வந்த பொலிஸ்காரர், துவக்கு வைக்கச் சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். நான் எந்த நாட்டில் பிறந்தேன் என்று தாளில் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, ஏன் இந்த விளையாட்டு என்று கேட்டார். ஒரு சிநேகிதி சேரச் சொன்னாள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். உண்மையும் அதுதான். மிச்சத்தை உனக்குச் சொல்கிறேன். அந்தச் சத்தம் என்னைத் தேடித் தேடி வந்தது, சின்ன வயதில் இருந்து. நான் ஓடினேன், பதுங்கினேன், நாடு விட்டு நாடு போனேன். ஒரு தரமாவது அது எப்போது வர வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பயம் போய்விட்டதென்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் வெடிக்கு என் உடம்பு இன்றைக்கும் துள்ளுகிறது. துள்ளி முடியும் வரை, குப்புறப் படுத்துச் சுடுகிற பாயில் கிடக்கிறேன். பிறகு அடுத்ததை ஏற்றுகிறேன். கிளப்பில் நான் திறமானவள் இல்லை, மோசமும் இல்லை.

தங்கச்சி இப்போது கனடாவில். போன கோடையில் எங்களிடம் வந்திருந்தாள். வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் என்னோடு அந்த வெளிக்கு வந்தாள். கார் நிறுத்துகிற இடத்திலேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தாள். நான் சுட்டு முடித்து வந்து கதவைத் திறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, எப்பிடியக்கா உன்னால இது ஏலுது?"

அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. என்னுடையவையும்தான். அவளுக்கு என்ன சொல்வதென்று யோசிக்க எனக்கு நேரம் எடுக்கவில்லை.

"ஏலாதடி," என்றேன். "ஏலாது எண்டு சொல்லிப்போட்டுத்தான் செய்யிறன்."